அப்பாவுக்குப் பேச்சு கேட்கிறது, ஆனால் புரியவில்லை: வாங்கிய காதுக் கருவி டப்பாவில் கிடக்கிறது

நன்னிலம்_மகள் | திங்கள், இரவு 9.40

அனைவருக்கும் வணக்கம். என் தந்தைக்கு வயது 68. திருவாரூர், மயிலாடுதுறை வட்டாரக் கோயில் உற்சவங்களிலும் கல்யாண முகூர்த்தங்களிலும் நாற்பத்திரண்டு ஆண்டுகள் தவில் வாசித்தவர். மூன்று ஆண்டுகளாக வீட்டில் அவர் பேச்சு குறைந்துகொண்டே வருகிறது. மாலையில் திண்ணையில் நான்கு பேர் கூடினால் முன்பெல்லாம் அவர் குரல்தான் தெருமுனை வரைக்கும் கேட்கும். இப்போது யாராவது வந்தால் எழுந்து கொல்லைப்பக்கம் போய்விடுகிறார்.

சென்ற வாரம் அம்மா அடுப்படியிலிருந்து, “காசு இருக்கிறதா?” என்று கேட்டார். அப்பா, “காது நன்றாகத்தான் இருக்கிறது” என்று பதில் சொன்னார். வந்திருந்த உறவினர்கள் சிரித்துவிட்டார்கள். அன்று இரவு அவர் சாப்பிட வரவில்லை. தனியாகக் கேட்டபோது, “பேசுவது எல்லாம் கேட்கிறது அம்மா, என்ன பேசுகிறார்கள் என்பதுதான் புரியவில்லை” என்றார். அந்தச் சொல் என்னை மிகவும் வருத்திவிட்டது.

ஒன்றரை ஆண்டுக்கு முன் ஊருக்கு வந்த ஒரு முகாமில், ஒரு காதில் மட்டும் எதையோ வைத்துப் பார்த்துவிட்டு, 28,000 ரூபாய்க்கு ஒரு கருவி கொடுத்தார்கள். பதினொரு நாள் போட்டுக்கொண்டார். மின்விசிறி இரைகிறது, பாத்திரம் விழுந்தால் மண்டைக்குள் இடிக்கிறது, தன் குரலே குடத்துக்குள் பேசுவதுபோல் இருக்கிறது என்று சொல்லிக் கழற்றிவிட்டார். இப்போது அது அவருடைய தவில் வாசிக்க விரல்களில் மாட்டும் கூடுகளை வைத்திருக்கும் பித்தளை டப்பாவில் கிடக்கிறது. நேற்று திறந்து பார்த்தேன். பேட்டரியின் மேல் வெள்ளையாகப் பூத்திருக்கிறது.

அம்மா சனிக்கிழமைதோறும் பூண்டு போட்டுக் காய்ச்சிய நல்லெண்ணெயை அவர் காதில் விடுகிறார். அது சரியா? கருவியை மாற்ற வேண்டுமா, இல்லை வயதானால் இப்படித்தான் என்று விட்டுவிட வேண்டுமா? அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

கேட்பியல்_தஞ்சை | திங்கள், இரவு 11.15

சகோதரி, நான் ஆடியாலஜிஸ்ட், அதாவது கேட்கும் திறனைச் சோதித்துக் கருவி அமைத்துத் தருபவள்; பத்தொன்பது ஆண்டுகளாகத் தஞ்சைப் பகுதியில் வேலை செய்கிறேன். உங்கள் தந்தை சொன்ன வாக்கியத்தை வாரத்துக்கு நான்கைந்து பேரிடமாவது கேட்கிறேன். அவர் சாக்குச் சொல்லவில்லை; தனக்கு என்ன குறை என்பதை மிகத் துல்லியமாகச் சொல்லியிருக்கிறார்.

உள்காதில் நத்தைக் கூடு போன்ற உறுப்பு ஒன்று உண்டு. அதில் ஒவ்வொரு காதுக்கும் ஏறத்தாழ 15,000 மயிரிழைச் செல்கள் இருக்கின்றன. நத்தையின் வாய்ப்பக்கம் இருப்பவை கீச்சென்ற உச்ச ஒலிகளையும், உள்சுருளில் இருப்பவை கனத்த ஒலிகளையும் வாங்குகின்றன. வயதாலும் இரைச்சலாலும் முதலில் அழிவது வாய்ப்பக்கத்துச் செல்கள்தாம். மனிதருக்கு அவை மறுபடி முளைப்பதில்லை.

இதைத் தமிழ் எழுத்துகளோடு வைத்துப் பாருங்கள். அ, ஆ, ஓ போன்ற உயிர் ஒலிகளின் பலம் பெரும்பாலும் 1,000 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருக்கிறது (ஹெர்ட்ஸ் என்பது ஒலியின் அதிர்வெண்; எண் கூடக்கூட ஒலி கீச்சென்று ஆகும்). க, ச, ட, த, ப என்ற வல்லின ஒலிகளைப் பிரித்துக் காட்டும் மெல்லிய வெடிப்பும் சீறலும் 2,000 ஹெர்ட்ஸுக்கு மேலே இருக்கின்றன. சகரத்தின் சீறல் 4,000-ஐயும் தாண்டிவிடும். உங்கள் அம்மா சொன்ன “காசு” என்பதில் “கா”வும் கடைசி உகரமும் அப்பாவுக்கு முழுதாகக் கேட்டிருக்கும். நடுவில் வந்தது சகரமா தகரமா என்பது மட்டும் போய்ச் சேரவில்லை. அந்த இடத்தை மூளை தானாக நிரப்பிக்கொண்டது. “சட்டை” என்றால் “தட்டை” என்று கேட்பதும், “பத்து” என்றால் “பட்டு” என்று கேட்பதும் இதனால்தான். குரலை உயர்த்திக் கத்தினால் ஏற்கெனவே கேட்கிற உயிர் ஒலிதான் பெருகும். கேட்காத சகரம் அப்படியேதான் இருக்கும். அதனால்தான் கத்திப் பேசினால் இவர்கள் எரிச்சலடைகிறார்கள்.

கருவி தோற்றதற்கும் இதுவே காரணமாக இருக்கலாம். ஒழுங்காகச் சோதித்து அமைக்காத கருவி, மின்விசிறியின் கனத்த ஓசையையும் பாத்திர இடியையும் சேர்த்தே பெருக்கிவிடும். குடத்துக்குள் பேசுவதுபோல் இருப்பது, கனத்த ஒலி நன்றாகக் கேட்கும் ஒருவரின் காதுத் துளையை ரப்பர் முனையால் முழுக்க அடைத்துவிட்டார்கள் என்பதைக் காட்டுகிறது. துளையுள்ள முனை போட்டால் அது பெரும்பாலும் தீர்ந்துவிடும். ஆகவே கருவியைத் தூக்கிப் போடாதீர்கள். கணினியில் இணைத்துத் திருத்தக்கூடிய வகையா என்று முதலில் பார்க்கலாம்.

ஆனால் அதற்கு முன் காது மூக்கு தொண்டை மருத்துவர் ஒருவர் காதுக்குள் பார்க்க வேண்டும். குறும்பி அடைத்திருக்கிறதா, செவிப்பறை முழுதாக இருக்கிறதா, இசைக்கவையை (தட்டினால் ஒலிக்கும் கவை வடிவ உலோகக் கருவி) வைத்துப் பார்த்தால் குறை நடுக்காதிலா உள்காதிலா என்பதெல்லாம் தெரிந்த பிறகே ஆடியோகிராம், அதாவது எந்த ஒலி எவ்வளவு கேட்கிறது என்று அளக்கும் சோதனை. ஒலி புகாத அறையில், இரண்டு காதுக்கும் தனித்தனியாக, 250 முதல் 8,000 ஹெர்ட்ஸ் வரை சோதிக்க வேண்டும். சொற்களைச் சொல்லிக் கேட்கும் சோதனையும் சேர வேண்டும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் இவை உண்டு. பூண்டு எண்ணெயைத் தயவுசெய்து இன்றே நிறுத்துங்கள்.

பாபநாசம்_ஓய்வாசிரியர் | செவ்வாய், காலை 6.50

மேலே எழுதிய அம்மையாரின் விளக்கத்துக்கு நன்றி. இருப்பினும் ஒன்றைக் கேட்க விரும்புகிறேன். எனக்கு வயது 74. சிறு வயது முதல் சனி நீராட்டின்போது தலைக்கு எண்ணெய் வைக்கையில் காதுக்கும் இரண்டு சொட்டு விடுவது எங்கள் வீட்டு வழக்கம். என் காது இன்றும் நன்றாகக் கேட்கிறது. நம் பெரியவர்கள் காரணமில்லாமல் ஒரு வழக்கத்தை வைத்திருப்பார்களா? எண்ணெயை முற்றிலும் தள்ளிவிடச் சொல்வது ஏன்?

வடுவூர்_உழவன் | செவ்வாய், காலை 8.30

ஐயா, உங்கள் மேல் மிகுந்த மரியாதையுடன் என் அனுபவத்தைச் சொல்கிறேன். நானும் எண்ணெய் விட்டவன்தான். ஆற்றில் புதுத்தண்ணீர் வந்ததும் வாய்க்காலில் முங்கிக் குளிப்பேன். குளித்த பிறகு காது ஊறல் எடுக்கும், சைக்கிள் கம்பியோ, தீக்குச்சியோ, கைக்கு அகப்பட்டதை விட்டுக் குடைவேன், பிறகு எண்ணெய். இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஆவணியில் வலக்காது முழுக்க அடைத்துக்கொண்டு, தலையணையில் சாய்க்க முடியாத வலி வந்தது. மருத்துவர் குழாயை வைத்துக் கணினித் திரையில் காட்டினார். ஈரமான பஞ்சு போல வெள்ளையாக ஒன்று, அதன் மேல் மிளகுப் பொடி தூவியதுபோல் கறுப்புப் புள்ளிகள். பூஞ்சாளம் என்றார். மழைக்காலத்தில் களத்தில் மூடி வைத்த நனைந்த வைக்கோலில் பூப்பது எதுவோ, அதுதான் என் காதுக்குள்ளும் பூத்திருந்தது. நான்கு முறை போய் உறிஞ்சி எடுத்துச் சுத்தம் செய்து, மூன்று வாரம் மருந்து விட்ட பிறகே அடங்கியது.

இன்னொன்று. என் பேரனுக்குப் பத்து மாதம் ஆகிறது. கூப்பிட்டால் திரும்புவதில்லை என்று மருமகள் சொல்கிறாள். நாங்கள் தட்டைத் தட்டிப் பார்த்தோம், திரும்பினான். எனவே காது நன்றாக இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாமா?

கேட்பியல்_தஞ்சை | செவ்வாய், பிற்பகல் 2.05

குழந்தையைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் அதுதான் அவசரம். தட்டுச் சோதனையை நம்பாதீர்கள். தட்டு உரத்த ஓசையும் அதிர்வும் தருவது. தட்டுகிறவரின் கை அசைவையும் குழந்தை ஓரக்கண்ணால் பார்த்துவிடும். பேச்சொலி கேட்காத குழந்தையும் அதற்குத் திரும்பக்கூடும். பிறந்த ஒரு மாதத்துக்குள் முதல் சோதனை, மூன்று மாதத்துக்குள் உறுதி, ஆறு மாதத்துக்குள் சிகிச்சை தொடங்குவது என்பதே உலகெங்கும் பின்பற்றும் கணக்கு. உங்கள் பேரன் அதைத் தாண்டிவிட்டான் என்பதால் இந்த வாரமே ஓ.ஏ.ஈ. (உள்காது ஒலிக்குப் பதில் தருகிறதா என்று பார்ப்பது), பெரா (ஒலி நரம்பு வழியே மூளைக்குப் போகிறதா என்று பார்ப்பது) என்னும் இரு சோதனைகளுக்கும் அழைத்துச் செல்லுங்கள். குழந்தை தூங்கும்போதே எடுத்துவிடலாம், வலியில்லை. ஒருவேளை கடுமையான குறை என்று தெரிந்தால், ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு, உள்காதில் வைத்து நரம்பை நேரடியாகத் தூண்டும் காக்ளியர் கருவி பொருத்தும் அறுவை முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் உண்டு. பெற்றோர் சொந்தத்தில் மணம் முடித்தவர்களா என்பதையும் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். மாமன் மகள், அக்காள் மகள் என்று தலைமுறை தலைமுறையாக மணம் செய்த குடும்பங்களில் பிறவிச் செவிட்டுத்தன்மைக்கான வாய்ப்பு கூடுகிறது. இது யார் மேலும் பழி போடுவதற்கு அன்று. அடுத்த குழந்தையைப் பிறந்தவுடனே சோதிப்பதற்காக.

ஆசிரியர் ஐயாவுக்கு: செவிப்பறை முழுதாக உள்ள, சீழ் வடியாத, சர்க்கரை நோய் இல்லாத ஒருவரின் காதில், வெதுவெதுப்பும் இல்லாத தூய எண்ணெய் இரண்டு சொட்டு விடுவதால் பெரிய கேடு நேர்வது அரிது. இறுகிய குறும்பியை அது இளக்கவும் செய்யும். உங்கள் காது அப்படிப்பட்ட காது. ஆனால் செவிப்பறையில் ஓட்டை இருப்பது வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்குத் தெரியாது. ஓட்டை வழியே எண்ணெய் நடுக்காதுக்குள் போனால் அங்கே சீழ் பிடிக்கும். பூண்டு காய்ச்சிய எண்ணெய் சற்றுச் சூடாக இருந்தாலே காதுத் துளையின் மெல்லிய தோல் வெந்துவிடும். அப்படி வெந்து வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். இத்தனை ஈரமான ஊரில், எண்ணெயும் தண்ணீரும் சேர்ந்த இருட்டுத் துளை பூஞ்சாளத்துக்கு நாற்றங்கால் மாதிரி.

குறும்பி அழுக்கு அன்று. துளையின் தோலே மெல்ல வெளிப்பக்கமாக வளர்ந்து அதைத் தள்ளிக்கொண்டு வந்துவிடும். பஞ்சுக் குச்சி அதை உள்ளே தள்ளிக் கெட்டிப்படுத்தவே உதவுகிறது. சர்க்கரை உள்ளவர்கள் காது வலியை எண்ணெய் வைத்துத் தள்ளிப்போடவே கூடாது. அவர்களுக்கு வெளிக்காதுத் தொற்று எலும்பு வரை இறங்கக்கூடும்.

பேரளம்_வாசகன் | செவ்வாய், இரவு 8.20

ஓட்டை உள்ள காது வெளியே தெரியாது என்று எழுதினீர்கள். அது என் காதுதான். மூன்றாம் வகுப்பு முதல் இடக்காதில் சீழ் வடியும். சளி பிடித்தால் வரும், குளத்தில் குளித்தால் வரும். வகுப்பில் பக்கத்தில் உட்காரும் பிள்ளைகள் மூக்கைப் பொத்திக்கொள்வார்கள். நான் கடைசி வரிசைக்குப் போனேன். அங்கே உட்கார்ந்ததால் பாடமும் கேட்கவில்லை. மக்கு என்று பெயர் வந்தது. முப்பத்தொன்றாம் வயதில்தான் செவிப்பறை அடைக்கும் அறுவை செய்துகொண்டேன். காதின் பின்புறத்திலிருந்து எடுத்த மெல்லிய சவ்வை ஓட்டையின் மேல் ஒட்டுகிறார்கள். இரண்டு நாளில் வீட்டுக்கு வந்தேன்.

அறுவைக்கு முன் பல ஆண்டுகளாக மருத்துவர் சொன்ன ஒன்றை மட்டும் விடாமல் செய்தேன்: குளிக்கும்போது வாசலின் தடவிய பஞ்சைக் காதில் வைத்துக்கொள்வது, முங்காமல் இருப்பது. அதனாலேயே சீழ் வருவது பாதியாகக் குறைந்தது. பிள்ளைகளின் காதில் சீழ் வடிந்தால் வளர்ந்தால் சரியாகிவிடும் என்று தயவுசெய்து விடாதீர்கள். அதிலும் அழுகிய நாற்றம் இருந்தால் எலும்பை அரிக்கும் வகையாக இருக்கலாம் என்று என்னைப் பார்த்த மருத்துவர் எச்சரித்தார்.

செவிலி_சீர்காழி | புதன், காலை 5.55

இரவுப் பணி முடிந்து இதை எழுதுகிறேன். இங்கே யாரும் சொல்லாத ஒன்று, மெல்ல மெல்லக் குறையாமல் ஒரே நாளில் போய்விடும் காது. எங்கள் சித்தி மார்கழியில் ஒரு விடியற்காலை எழுந்து, கைப்பேசியை இடக்காதில் வைத்தபோது ஒன்றுமே கேட்கவில்லை. வலியில்லை, சீழ் இல்லை. லேசான தலைச்சுற்றலும் இரைச்சலும் மட்டும். பனி என்று ஆவி பிடித்தார். மருந்துக்கடையில் சொட்டு மருந்து வாங்கினார். பக்கத்து ஊர் மருத்துவமனை ஒன்றில் குறும்பி என்று சொல்லி இளக்கும் மருந்து எழுதிக் கொடுத்து, பத்து நாள் கழித்து வரச் சொன்னார்கள். எனக்குத் தகவல் வந்தபோது இருபத்து நான்கு நாள் ஆகியிருந்தது. அந்தக் காது திரும்பவில்லை. செவிலியாக இருந்தும் எனக்கு உரிய நேரத்தில் தெரியாமல் போனதே என்பது இன்றுவரை ஆறவில்லை.

மூன்று நாளுக்குள் ஒரு காது திடீரென்று மந்தமானால் அது மருத்துவ அவசரம். ஸ்டீராய்டு மருந்தை முதல் சில நாட்களில், தள்ளிப்போனாலும் இரண்டு வாரத்துக்குள், தொடங்கினால் பலருக்குக் கேட்கும் திறன் திரும்புகிறது. இது சளி, குறும்பியால் வந்த அடைப்பா, உள்காதுக் குறையா என்று பிரித்தறிய இசைக்கவைச் சோதனை ஒரு நிமிட வேலை. அதைச் செய்யச் சொல்லிக் கேளுங்கள்.

காசநோய்க்கும் கடுமையான தொற்றுக்கும் போடும் ஸ்ட்ரெப்டோமைசின், அமிகாசின், ஜென்டாமைசின் ஊசிகளும், புற்றுநோய்க்கான சிஸ்பிளாட்டினும் காதைப் பாதிக்கக்கூடியவை. உயிர்காக்கும் மருந்துகள் என்பதால் நிறுத்தச் சொல்லவில்லை. இரைச்சல் தொடங்கினால் உடனே மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

நன்னிலம்_மகள் | பதினான்கு நாள் கழித்து, இரவு 10.10

பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி. அப்பாவை அழைத்துச் சென்றேன். வலக்காதில் குறும்பி கல்லாக இருந்தது, எடுத்துவிட்டார்கள். செவிப்பறை இரண்டும் நன்றாக இருக்கின்றன. ஆடியோகிராம் விவரம் இது. வலக்காது: 500 ஹெர்ட்ஸில் 25 டெசிபெல், 1,000-இல் 30, 2,000-இல் 45, 4,000-இல் 70, 8,000-இல் 60. இடக்காது: 30, 35, 50, 75, 65. ஒற்றைச் சொற்களைச் சொல்லும் சோதனையில் நூற்றுக்கு 76.

ஒன்று கேட்க வேண்டும். இதை வைத்து அரசு அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்கலாமா? தம்பி மகன் இப்போது பதினாறு வயதில் தவில் கற்றுக்கொண்டிருக்கிறான். அவனுக்கும் இப்படி ஆகுமா?

கேட்பியல்_தஞ்சை | மறுநாள், காலை 7.30

எண்களைத் தந்தது மிகவும் உதவியாக இருக்கிறது. டெசிபெல் எண் கூடினால் கேட்பது குறைவு என்று பொருள். 4,000-இல் கேட்கும் திறன் பள்ளமாக விழுந்து 8,000-இல் சற்று ஏறுகிறது பாருங்கள், அது இரைச்சல் விட்டுச் சென்ற தடம். மீதி வயதினால் வந்தது. நடுத்தரக் குறை, நல்ல கருவிக்கு நன்றாக இசையும் குறை. 2,000-க்கு மேல் மட்டும் தூக்கிக் கொடுக்குமாறு அமைக்க வேண்டும்.

அட்டையைப் பொறுத்தவரை, 2016-ஆம் ஆண்டுச் சட்டம் இரண்டு காதுகளிலும் பேச்சு அதிர்வெண்களில் 60 டெசிபெலிலிருந்தே கேட்டல் குறைபாடு என்று கணக்கிடுகிறது. அப்பாவின் சராசரி அதற்குக் கீழே உள்ளது. அந்த அளவைத் தொட்டவர்கள் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தை அணுகினால் சான்றும், தகுதிக்கேற்ப இலவசக் கருவியும் பெறலாம்.

தம்பி மகனைப் பற்றிக் கேட்டீர்கள். எனக்கு அதுதான் மனத்தில் நிற்கிறது. 85 டெசிபெல் இரைச்சலில் எட்டு மணி நேரம் வரை இருக்கலாம் என்பது பொதுக் கணக்கு. ஒவ்வொரு 3 டெசிபெல் கூடும்போதும் நேரம் பாதியாகும்; 100 டெசிபெலில் பதினைந்து நிமிடம்தான். மண்டபத்துக்குள் மூன்று தவிலும் இரண்டு நாகசுரமும் சேர்ந்து கெட்டிமேளம் கொட்டும் இடத்தில் ஒருமுறை அளவுமானியை வைத்தேன்; 100-ஐத் தாண்டி நின்றது. அவன் தினமும் சாதகம் செய்கிறான் அல்லவா? எல்லா ஒலியையும் ஒரே சீராகக் குறைக்கும், இசைக்கலைஞர்களுக்கென்றே உள்ள காதடைப்பு கிடைக்கிறது. தவில் சொற்களின் தெளிவு கெடாது, வலந்தலையும் (தவிலின் வலப்பக்கம்) தொப்பியும் (இடப்பக்கம்) பிரிந்தே கேட்கும். பஞ்சு வைத்துக்கொள்வதால் பயன் மிகக் குறைவு. சாதகத்துக்கு அடைப்பு, கச்சேரிக்கு விருப்பம் என்று தொடங்கச் சொல்லுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை ஆடியோகிராம் எடுங்கள். நெல் அரவை மில்லில் நிற்பவர்களுக்கும், அறுவடை இயந்திரம் ஓட்டும் தம்பிகளுக்கும் இதே கணக்குத்தான். அவர்களுக்கு மருந்துக்கடையில் கிடைக்கும் நுரைக் காதடைப்பே போதும்.

வடுவூர்_உழவன் | அன்றே, காலை 9.00

பேரனுக்கு ஓ.ஏ.ஈ. ஒரு காதில் தேறியது, ஒரு காதில் தேறவில்லை. நடுக்காதில் நீர் கோத்திருக்கலாம் என்று மருந்து கொடுத்து, மூன்று வாரத்தில் பெரா எடுக்கத் தேதி தந்திருக்கிறார்கள். தட்டோடு நின்றுவிடாமல் போகச் சொன்னதற்கு நன்றி அம்மா.

நன்னிலம்_மகள் | ஆறு வாரம் கழித்து, இரவு 9.25

பழைய கருவியே திருத்தக்கூடியதுதான் என்று தெரிந்தது. பேட்டரிப் பள்ளத்தைச் சுத்தம் செய்து, புதிய முனை போட்டு, கணினியில் இணைத்து அமைத்துக் கொடுத்தார்கள். முதல் வாரம் வீட்டுக்குள் நாளுக்கு இரண்டு மணி நேரம் மட்டும், அதுவும் ஒருவரோடு மட்டும் பேச்சு. இரண்டாம் வாரம் தொலைக்காட்சிச் செய்தி. நான்காம் வாரம்தான் திண்ணை. இடையில் இருமுறை போய் ஒலியளவைத் திருத்திக்கொண்டு வந்தோம். முன்பு பதினொரு நாளில் கைவிட்டதற்குக் காரணம் அவருடைய பிடிவாதம் என்று நான் நினைத்திருந்தேன். முதல் நாளே நாள் முழுக்கப் போட்டுக்கொண்டு சந்தைக்குப் போகச் சொன்னவள் நான்தான் என்பது இப்போது புரிகிறது.

வீட்டில் நாங்களும் மாறியிருக்கிறோம். அம்மா அடுப்படியிலிருந்து பேசுவதில்லை. எதிரில் வந்து, “இதோ பாருங்கள்” என்று கூப்பிட்டுவிட்டு, மிக்ஸி நின்ற பிறகு பேசுகிறார். புரியவில்லை என்றால் அதே சொல்லைத் திரும்பத் திரும்பக் கத்தாமல் வேறு சொல்லால் சொல்கிறோம். ஒன்றை மட்டும் நான் எல்லோரிடமும் வேண்டிக் கேட்டுக்கொண்டேன்: அவர் “என்ன?” என்று கேட்டால், “ஒன்றுமில்லை, விடுங்கள்” என்று யாரும் சொல்லக் கூடாது. இந்த மூன்று ஆண்டுகளில் அந்தச் சொல்லை எத்தனை முறை அவரிடம் சொல்லியிருப்போம் என்று எண்ணிப் பார்க்கவே மனம் கூசுகிறது.

இரவில் கருவியை, பேட்டரிக் கதவைத் திறந்து வைத்து, சிலிக்கா மணிகள் போட்ட மூடியுள்ள டப்பாவில் வைக்கிறோம். ஐப்பசி மழை தொடங்கிவிட்டதால் நீல மணிகள் நான்கு நாளிலேயே இளஞ்சிவப்பாகிவிடுகின்றன. வெயிலில் காய வைத்தும் போதாமல் வாணலியில் லேசாகச் சூடேற்றி எடுக்கிறேன். ஆரஞ்சு நிற ஒட்டு உள்ள 13-ஆம் எண் பேட்டரி. ஒட்டைப் பிரித்து இரண்டு நிமிடம் காற்றுப்பட வைத்துவிட்டுப் போட்டால் பத்து நாளுக்கு மேல் வருகிறது.

நேற்று தம்பி மகன் சாதகம் செய்யும்போது அப்பா எதிரில் உட்கார்ந்திருந்தார். நடுவில் கையைக் காட்டி நிறுத்தி, “அந்த இடத்தில் ‘தி’ என்ற சொல் விழவில்லை, முழுங்குகிறாய்” என்றார். பையன் காதடைப்பைக் கழற்றிவிட்டு மறுபடி வாசித்தான். அப்பா அடைப்பை எடுத்து அவன் கையிலேயே கொடுத்து, போட்டுக்கொண்டு வாசி என்றார்.

இடக்காதுக்கும் ஒன்று வேண்டும் என்று அவரே கேட்டிருக்கிறார். வெள்ளிக்கிழமை அளவெடுக்கப் போகிறோம். அதே நிறுவனத்துக் கருவியாகத்தான் இருக்க வேண்டுமா, வேறு வாங்கினால் இரண்டும் ஒத்துப்போகுமா?

கேட்பியல்_தஞ்சை | அன்றே, இரவு 10.40

ஒரே நிறுவனம், முடிந்தால் ஒரே மாதிரி, என்று வாங்குங்கள். இரண்டும் தமக்குள் பேசிக்கொண்டு ஒலியளவைச் சமன் செய்யும் வசதி பல வகைகளில் உண்டு. வெள்ளிக்கிழமை போகும்போது பழைய ஆடியோகிராமையும் வலக்காதுக் கருவியையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். மணிகளை வாணலியில் மிகையாகச் சூடேற்ற வேண்டாம். நிறம் நீலமானதும் இறக்கிவிடுங்கள், ஆறிய பிறகே கருவியை வையுங்கள்.